பத்தாவது ஆள்

யூதர்கள் கூடி வழிபடப் பத்துப் பேர் வேண்டும். பழைய விதிப்படி, பதின்மூன்று வயது நிரம்பிய ஆண்கள் பத்துப் பேர். ஒன்பது பேர் வந்து காத்திருக்க, ஒருவர் குறைந்தால் சில பிரார்த்தனைகளைச் சொல்லவே முடியாது. வாசலில் நின்று, தெருவில் போகிறவரைக் கையைப் பிடித்து அழைத்துவருவது இன்றும் நடக்கிறது. இந்தப் பத்தாவது ஆளைப் பற்றி முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு ரப்பிக்கு விநோதமான சந்தேகம் எழுந்தது. ‘ஹாகம் ட்ஸ்வி’ என்று அறியப்படும் ட்ஸ்வி ஹிர்ஷ் அஷ்கெனாஸி (மறைவு 1718) அவர். அவருடைய முன்னோர் ஒருவர், போலந்தின் ஹெல்ம் ஊர் ரப்பி எலியா, மண்ணைப் பிசைந்து ஒரு கோலெமைச் செய்து உயிரூட்டினார் என்பது குடும்பத்தில் வழங்கிவந்த கதை. அப்படிச் செய்த மண் மனிதனைப் பத்தாவது ஆளாகக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாமா?

கேலிக்குக் கேட்டதல்ல. அவருடைய தீர்ப்புத் தொகுப்பில் 93ஆவது கேள்வியாக இது இருக்கிறது. விடைக்கு அவர் போனது யூதச் சமய நூலான தால்முதில் வரும் ஒரு குட்டிக் கதைக்கு. ராவா என்ற அறிஞர் ஒரு மனிதனை உண்டாக்கி ஸெய்ரா என்பவரிடம் அனுப்புகிறார். ஸெய்ரா பேச்சுக் கொடுத்துப் பார்க்கிறார், பதில் இல்லை. இது செய்யப்பட்ட பொருள் என்று புரிந்துகொண்டு, மண்ணுக்கே திரும்பிப் போ என்று சொல்லி அதை அழித்துவிடுகிறார். ஹாகம் ட்ஸ்வியின் தர்க்கம் இப்படி ஓடுகிறது: கோலெமுக்கு வழிபாட்டில் ஓர் இடம் உண்டென்றால், பயன்படக்கூடிய ஒன்றை ஸெய்ரா வீணாக்கியிருக்க மாட்டார். வீணாக்கினார், அவர்மேல் கொலைப் பழியும் விழவில்லை. ஆகவே கோலெம் கணக்கில் சேராது.

இந்தச் சிறு கதைக்குள் இரண்டு சோதனைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, அது பேசுமா? இரண்டு, அதை அழித்தால் யாருக்காவது பாவம் சேருமா? முதல் சோதனை 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்ததோடு செல்லாக்காசாகிவிட்டது. ஸெய்ரா இன்று பேச்சுக் கொடுத்தால் பதில் வரும். அவர் நிறுத்தினாலும் அது நிறுத்தாது. இரண்டாவது சோதனை அப்படியே நிற்கிறது. கோயிலிலும் தேவாலயத்திலும் விகாரையிலும் இயந்திரங்கள் நுழையும் இந்தக் காலத்தில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

இயந்திரத்துக்கு ஆன்மா உண்டா என்ற பழைய சண்டையில் இறங்கினால் கரையேறுவது கடினம். 1950இல் ‘மைண்ட்’ இதழில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் ஆலன் டூரிங் அந்தச் சண்டையை ஒரு குறும்போடு தாண்டிப்போனார். சிந்திப்பது ஆன்மாவின் வேலை, ஆன்மாவைக் கடவுள் மனிதனுக்கு மட்டுமே கொடுத்தார் என்பவர்களுக்கு அவர் சொன்ன பதிலின் சாரம் இது: குழந்தை பெறும்போது கடவுளின் அதிகாரத்தை நாம் பறிப்பதில்லையே, இயந்திரம் செய்வதும் அப்படித்தான், வீட்டைக் கட்டுவது நாம், அதில் ஆன்மாவைக் குடியேற்றுவது அவர் விருப்பம். மத வாதங்களில் தனக்கு ஈடுபாடில்லை என்று சொல்லிவிட்டே இதை எழுதினார். நம்பிக்கையற்றவர் வாயிலிருந்து இவ்வளவு ஆத்திகமான பதில் வந்தது ஒரு வேடிக்கை.

வழிபாட்டை இயந்திரத்தின் கையில் கொடுப்பது புதிதும் அல்ல. திபெத்திய பௌத்தர்களின் பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் ‘ஓம் மணி பத்மே ஹூம்’ எழுதிய காகிதச் சுருள் இருக்கும். ஒரு சுற்றுக்கு அத்தனை முறை ஓதிய புண்ணியம். கையால் சுற்றுவது அலுத்தபோது ஓடையில் சக்கரம் வைத்தார்கள், காற்றில் சுழலவிட்டார்கள். இப்போது மோட்டாரும் சூரிய மின்தகடும் சுற்றுகின்றன. சீனத்திலும் ஜப்பானிலும் புத்த சூத்திரங்கள் முழுவதையும் அடுக்கிய சுழலும் அலமாரிகள் உண்டு. அவற்றை முதலில் செய்தவராக ஆறாம் நூற்றாண்டின் ஃபூ ஸி என்பவரைச் சொல்வார்கள். ஒரு தள்ளுத் தள்ளினால் நூலகம் முழுவதையும் படித்த பலன். எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிக்கு இது எவ்வளவு பெரிய கதவைத் திறந்திருக்கும் என்பதை நினைத்தால் சிரிப்பு அடங்கிவிடும்.

ஐரோப்பாவில் இதற்கு ஈடாக ஒரு குட்டித் துறவி இருக்கிறார். வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் 1977 முதல் இருக்கும் அந்தப் பொம்மையின் உயரம் ஒன்றேகால் அடி சொச்சம். சாவி கொடுத்து வில்லை முறுக்கினால் அங்கிக்குள் மறைந்த சக்கரங்களில் நடக்கும். கண்கள் உருளும், தலை திரும்பும். வலக்கையால் மார்பில் அடித்துக்கொள்ளும். இடக்கையில் சிலுவையும் ஜெபமாலையும் ஏறி இறங்கும். உதடுகள் ஓசையின்றி முணுமுணுக்கும். சற்று நேரத்துக்கொருமுறை சிலுவையை உதட்டருகே கொண்டுபோய் முத்தமிடும். 1562இல் ஸ்பெயின் இளவரசர் டான் கார்லோஸ் மாடிப்படியில் விழுந்து மண்டையில் அடிபட்டுச் சாகக் கிடந்தார். சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன துறவி டியேகோவின் உடலைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் கிடத்தினார்கள், பிழைத்தார். மகன் பிழைத்த அதிசயத்துக்கு இணையாக நான் ஒரு அதிசயம் செய்து தருகிறேன் என்று தகப்பன் இரண்டாம் ஃபிலிப் வேண்டிக்கொண்டதாகவும், ஹுவனேலோ துரியானோ என்ற கடிகாரக் கலைஞரை வைத்து இந்தப் பொம்மையைச் செய்ததாகவும் ஒரு கதை.

கதை உண்மையானால் மார்பில் அடித்துக்கொள்வது பொம்மை, நேர்த்திக்கடன் அரசருடையது. அதன் பாவத்துக்காக அது அடித்துக்கொள்ளவில்லை.

இந்தப் பிரிவினை நமக்குப் பழக்கமானதுதான். மீமாம்சகர்கள் வேள்வியைப் பற்றித் துருவித் துருவிக் கேட்ட கேள்விகளில் ஒன்று, பலன் யாருக்கு என்பது. நெய்யை ஊற்றுகிறவரும் மந்திரம் சொல்கிறவரும் கூலிக்கு வந்த ரித்விக்குகள். பலன் யஜமானனுக்கு. அவன்தான் சங்கல்பம் செய்கிறான், பொருளைத் தன்னுடையதல்ல என்று விட்டுக்கொடுக்கிறான், தட்சிணை தருகிறான். அர்ச்சகரிடம் நாம் பெயரும் நட்சத்திரமும் சொல்வது இந்த ஏற்பாட்டின் வால்தான். 2017இல் புனே நகரில் பிள்ளையார் சதுர்த்திக்கு ஓர் இயந்திரக் கை ஆரத்தி எடுத்தபோது பெரிய கலவரம் ஏதும் வராததற்கு இதுவும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது. தட்டைச் சுற்றுவது எந்தக் கையாக இருந்தால் என்ன, வேண்டிக்கொள்வது யார் என்பதல்லவா கணக்கு.

தமிழ்நாட்டுக் கோயில்களில் இந்த மாற்றம் எந்த விவாதமும் இல்லாமல் எப்போதோ நடந்து முடிந்துவிட்டது. தூணோரம் ஓர் இரும்புச் சட்டம். அதில் முரசு, மணி, ஜால்ரா. பின்னால் ஒரு மோட்டார். அர்ச்சகர் கற்பூரத் தட்டை எடுக்கும்போது யாராவது சுவிட்சைப் போடுவார்கள். முதல் இரண்டு அடி தயங்கி விழும், பிறகு ஒரே கதி. எதிரில் அம்மன் அலங்காரத்தைப் பார்த்து ஒரு கிழவி விம்மினாலும் அதன் வேகம் மாறாது. கற்பூரம் அணைந்த பிறகும், யாராவது நினைவுவந்து நிறுத்தும்வரை கடகடவென்று ஓடும். மின்சாரம் போனால் பாதி ஆரத்தியில் நின்றுவிடும். அப்போதுதான் கோயிலில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே காதுக்குத் தெரியும்.

வாசிக்க ஆள் கிடைக்காததால் இதை வைத்தோம் என்பார்கள் கோயில்காரர்கள். இதை வைத்ததால் எங்களை யாரும் கூப்பிடுவதில்லை என்பார்கள் வாத்தியக்காரர்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஒரு வேளைப் பூசைக்கே அரசின் வைப்புநிதி வட்டியை எதிர்பார்த்திருக்கும் கோயில்கள் இந்த மாநிலத்தில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். அங்கே மேளக்காரருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? மோட்டார் ஒருமுறைச் செலவு. அதற்குப் பசிக்காது, கல்யாண முகூர்த்தத்துக்கு வெளியூர் போகாது, திருவிழாவில் மாலை மரியாதை கேட்காது. சாதி வழி ஊழியமாக வாசித்தவர்களின் பிள்ளைகள் அந்தத் தொழிலை விட்டுப் படித்து வேறு வேலைக்குப் போனதும் இதில் சேர்த்தி. அவர்களை மீண்டும் முரசடிக்க வரச்சொல்ல யாருக்கும் உரிமையில்லை. புலம்பலுக்கும் ஓர் அளவு வேண்டும்.

பூசலார் நாயனாரின் கதையை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. கையில் காசில்லை, திருநின்றவூரில் மனத்துக்குள்ளேயே கல் சேர்த்து, நாள் குறித்து, கோயில் கட்டினார். காஞ்சியில் கல்லால் கட்டிய அரசனின் கனவில் சிவன் வந்து, நாளை அங்கே போக வேண்டும், உன் குடமுழுக்கைத் தள்ளிவை என்றார். செயலே இல்லாத கருத்து அது. மோட்டார் முரசு நேர் எதிர்: கருத்தே இல்லாத செயல். சைவம் இந்த இரண்டில் எதன் பக்கம் என்பதில் ஐயமில்லை. ஆனால் பூசலார் கதையிலும் ஓர் ஆள் நாள்கணக்கில் உட்கார்ந்து, ஊண் உறக்கத்தை மறந்து கட்டுகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். செலவில்லாத கோயில் அல்ல அது.

ஜப்பானில் ஆள் போன பிறகுதான் இயந்திரம் வந்தது என்பது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. கிராமங்கள் காலியாகின்றன, கோயில்களுக்குப் பரம்பரைக் குடும்பங்கள் குறைகின்றன, ஈமச்சடங்குக்குத் துறவியை அழைத்தால் செலவு கட்டுப்படியாகவில்லை. 2017 ஆகஸ்டில் டோக்கியோவில் நடந்த ஈமச்சடங்குத் தொழில் கண்காட்சியில் ‘பெப்பர்’ என்ற ரோபோவுக்குத் துறவி அங்கி மாட்டி, தாளம் தட்டி சூத்திரம் ஓதவைத்தார்கள். கட்டணம் 50,000 யென். மனிதத் துறவிக்கு 2,40,000 யென்னுக்கு மேல் ஆகும் என்று அப்போது செய்திகள் வந்தன. ஐந்தில் ஒரு பங்கு விலை. ஆனாலும் அந்தச் சமயத்தில் ஒருவர்கூட அதை முன்பதிவு செய்திருக்கவில்லை. 2020இல் பெப்பர் உற்பத்தியே நின்றுபோனது.

கியோத்தோவின் கோடைஜி கோயில் இன்னும் துணிந்தது. 1606இல், மறைந்த டொயோடோமி ஹிதெயோஷியின் நினைவாக அவர் மனைவி நேனே நிறுவிய கோயில் அது. 2019இல் அங்கே ‘மிண்டார்’ வந்தது. ஒசாகா பல்கலைக்கழகத்தின் ஹிரோஷி இஷிகுரோவோடு சேர்ந்து உருவாக்கிய கன்னோன் வடிவம், அதாவது அவலோகிதேசுவரர். உயரம் 195 சென்டிமீட்டர். முகம், கை, தோள்களுக்கு மட்டும் சிலிக்கோன் தோல். மற்ற இடமெல்லாம் அலுமினிய எலும்பும் ஒயரும் வெளியே தெரியும். மறைக்கவில்லை என்பது நல்ல முடிவு. இருதய சூத்திரத்தைப் பற்றி ஏறத்தாழ 25 நிமிடம் பேசும். செயற்கை நுண்ணறிவு என்று பலர் எழுதினாலும் தொடக்கத்தில் அதில் இருந்தது முன்பே பதிந்துவைத்த உரைதான். எல்லாம் வெறுமை, ‘நான்’ என்று ஒன்று இல்லை என்ற உபதேசத்தை, ‘நான்’ என்று ஒன்று உண்மையிலேயே இல்லாத ஒன்று சொல்கிறது. பௌத்தத்துக்கு இதைவிடப் பொருத்தமான போதகர் கிடைக்குமா என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்யும்.

கேட்டவர்களுக்கு அப்படித் தோன்றவில்லை. ஜோஷுவா ஜாக்சன், காய் சி யாம் முதலிய உளவியலாளர்கள் கோடைஜியிலும், பெப்பரைப் பேசவைத்து சிங்கப்பூரின் ஒரு தாவோயியக் கோயிலிலும் ஆராய்ந்து 2023இல் வெளியிட்ட கட்டுரையின்படி, இயந்திரப் போதகர்களை மக்கள் குறைவாகவே நம்பினார்கள்; அவர்களிடம் கேட்டவர்களின் மதப் பற்றும் தளர்ந்தது. ஆய்வாளர்கள் சொல்லும் காரணம் யோசிக்கவைப்பது. போதகர் சொல்வதை நாம் ஏற்பது அவர் நன்றாகப் பேசுவதால் மட்டுமல்ல. அந்த நம்பிக்கைக்காக அவர் எதையாவது கொடுத்திருக்கிறார் என்பதால். விரதம் இருக்கிறார், வீட்டைத் துறந்தார், வேறு தொழிலுக்குப் போயிருக்கலாம், போகவில்லை. மிண்டார் எதையும் விடவில்லை. விட அதனிடம் ஒன்றும் கிடையாது.

எல்லாப் பதிலீட்டையும் ஒரே தராசில் போடவும் கூடாது. திருச்சூர் மாவட்டத்தில் இரிஞ்ஞாடப்பிள்ளி ஸ்ரீகிருஷ்ணர் கோயிலில் 2023 பிப்ரவரியில் ஒரு யானையை நடைக்கிருத்தினார்கள், அதாவது தெய்வத்துக்குக் காணிக்கையாக்கினார்கள். பெயர் இரிஞ்ஞாடப்பிள்ளி ராமன். பத்தரை அடி உயரம், 800 கிலோ, ஐந்து மோட்டார். இரும்புச் சட்டத்தின்மேல் ரப்பர் தோல். காதை ஆட்டும், பாகன் சுவிட்சை அழுத்தினால் துதிக்கையால் நீர் தெளிக்கும். விலங்குரிமை அமைப்பான பீட்டாவும் நடிகை பார்வதி திருவோத்தும் கொடுத்தது. இனி உயிருள்ள யானையை வைத்துக்கொள்வதில்லை என்பது கோயிலின் வாக்கு. இங்கே இயந்திரம் வந்தது தானாக முன்வந்த ஒருவரின் இடத்துக்கு அல்ல. சங்கிலியும் அங்குசமும் தார்ச்சாலையும் வெடிச் சத்தமுமாக, தன்னைக் கேட்காமலேயே தெய்வத்துக்குக் கொடுக்கப்பட்ட ஒரு விலங்கின் இடத்துக்கு. ரப்பர் யானைக்கு ஐசுவரியம் இல்லை என்று வருந்துகிறவர்கள், உயிர் யானைக்கு மதம் பிடிக்கும் நாளில் அருகில் நின்று பார்க்கலாம்.

சடங்கை விட்டுப் பாவமன்னிப்புக்கு வந்தால் கதை இறுகுகிறது.

சுவிட்சர்லாந்தின் லூட்சர்ன் நகரில் மிகப் பழைய தேவாலயமான புனித பேதுரு சிற்றாலயத்தில் 2024இல் இரண்டு மாதம் ஒரு சோதனை நடந்தது. பெயர் ‘தேயுஸ் இன் மாகினா’. உள்ளூர்ப் பல்கலைக்கழக ஆய்வகத்தோடு சேர்ந்து, பாவமன்னிப்புக் கூண்டுக்குள் கணினியும் திரையும் வைத்தார்கள். மரச் சல்லடைக்கு அந்தப் பக்கம், பாதிரியார் உட்காரும் இடத்தில், திரையில் ஏசுவின் முகம். சுமார் நூறு மொழிகளில் பேசும். ஏறத்தாழ 900 உரையாடல்கள் நடந்தன. இது பாவமன்னிப்பு அல்ல என்று ஆலயம் தெளிவாகவே சொன்னது. அந்தரங்கத் தகவல் எதையும் சொல்லாதீர்கள் என்ற எச்சரிக்கையும் இருந்தது. இருந்தும் சாவு, தனிமை, காதல், மறுமை என்று மனத்தைத் திறந்தார்கள். கருத்துத் தெரிவித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆன்மிக அனுபவம் கிடைத்ததாகச் சொன்னார்கள்.

அந்த எச்சரிக்கையில்தான் எல்லாம் இருக்கிறது. கத்தோலிக்கச் சட்டப்படி, கூண்டில் கேட்டதை வெளியே சொல்லும் பாதிரியார் அந்தக் கணமே திருச்சபைக்கு வெளியே. கொலைக் குற்றத்தைக் கேட்டாலும், நீதிமன்றம் சிறைக்கு அனுப்பினாலும், வாய் திறக்கக் கூடாது. 1393இல் பிராகா நகரில் ஜான் நேபொமுக் என்ற குருவை ஆற்றில் தள்ளிக் கொன்றார்கள். அரசியின் பாவசங்கீர்த்தனத்தை அரசனுக்குச் சொல்ல மறுத்ததே காரணம் என்பது பக்தர்களின் நம்பிக்கை. வரலாற்றாசிரியர்கள் திருச்சபை அரசியல்தான் காரணம் என்பார்கள். எதுவானாலும், அந்த ஊர்ப் பாலத்தில் அவருக்குச் சிலை நிற்கிறது. கூண்டுக்குள் உட்காருகிறவர் உயிரையும் பணயம் வைக்கக் கடமைப்பட்டவர் என்ற எதிர்பார்ப்பு அந்தக் கல்லில் இருக்கிறது. லூட்சர்ன் திரையிடமோ, ரகசியத்தைச் சொல்லாதே என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே அனுப்ப வேண்டியிருந்தது.

2024 ஏப்ரலில் அமெரிக்காவில் ‘கத்தோலிக் ஆன்சர்ஸ்’ என்ற அமைப்பு ‘ஃபாதர் ஜஸ்டின்’ என்ற உரையாடல் செயலியை வெளியிட்டது. கறுப்பு அங்கி, வெள்ளைக் கழுத்துப்பட்டை, தாடி. அவசரத்துக்கு விளையாட்டு வீரர்கள் குடிக்கும் கேட்டரேட் பானத்தில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்று ஒருவர் கேட்க, கொடுக்கலாம் என்றது. இன்னொருவருக்குப் பாவமன்னிப்பே வழங்கிவிட்டது. சில நாள்களில் அங்கியைக் கழற்றி, சாதாரண உடுப்பு மாட்டி, வெறும் ‘ஜஸ்டின்’ ஆக்கினார்கள். குருப்பட்டம் பறிக்கப்பட்ட முதல் மென்பொருள் என்று இணையம் சிரித்தது. சிரிப்பைத் தள்ளிவைத்தால், அந்த அமைப்பு செய்தது சரியான இறையியல். தவறான பதில் ஒரு பாதிரியாரும் சொல்லலாம். அவருக்கு ஒரு பிஷப் உண்டு, விசாரணை உண்டு, பிறகு தூங்காத இரவுகள் உண்டு. ஜஸ்டினுக்கு அடுத்த பதிப்பு மட்டுமே.

2025 ஜனவரியில் வத்திக்கான் வெளியிட்ட ‘அந்திகுவா எத் நோவா’ ஆவணம் செயற்கை நுண்ணறிவை மனித அறிவின் இன்னொரு வகையாக எண்ண வேண்டாம், அது மனித அறிவு செய்த பொருள் என்று வரையறுக்கிறது. அதே ஆண்டு மே மாதம் பொறுப்பேற்ற போப் பதினான்காம் லியோ தன் பெயருக்கான காரணங்களில் ஒன்றாக, 1891இல் தொழிலாளர் உரிமை பற்றிச் சுற்றுமடல் எழுதிய பதின்மூன்றாம் லியோவைச் சுட்டினார்; இன்றைய தொழிற்புரட்சி செயற்கை நுண்ணறிவு என்றார். மதத் தலைவர் ஒருவர் இந்த விஷயத்தை ஆன்மாவில் தொடங்காமல் கூலியில் தொடங்கியது ஆரோக்கியமானது. கோயில் மேளக்காரருக்கு முதலில் பொருள்படும் பேச்சு அது.

ஆக, ஹாகம் ட்ஸ்வியின் இரண்டாவது சோதனை இன்றும் வேலை செய்வதாகவே தெரிகிறது. பத்தாவது இடத்தில் உட்கார வேண்டியவர் அழிந்தால் ஏதோ ஒன்று உண்மையில் அழிய வேண்டும். இழக்க அவரிடம் ஏதாவது இருக்க வேண்டும். இதற்கு ஒத்துவராத ஒரே வழக்கு, ஜப்பானின் சிபா மாகாணத்து இசுமி ஊரில், கோஃபுகுஜி என்ற பௌத்தக் கோயிலில் இருக்கிறது.

சோனி நிறுவனம் 1999இல் ‘ஐபோ’ என்ற ரோபோ நாயை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2006இல் உற்பத்தியை நிறுத்தியது. 2014இல் பழுதுபார்ப்பதையும் நிறுத்தியது. உதிரிபாகம் கிடைக்காமல் நாய்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. சோனியின் முன்னாள் பொறியாளர்கள் நடத்தும் ‘ஏ-ஃபன்’ நிறுவனம், செயலிழந்த நாய்களைப் பிரித்து அந்தப் பாகங்களில் மற்றவற்றைப் பிழைக்கவைக்கத் தொடங்கியது. பிரிப்பதற்கு முன்பு ஒரு சடங்கு வேண்டும் என்று தோன்றியது. 2015 முதல் கோஃபுகுஜியில் அவற்றுக்கு ஈமச்சடங்கு நடக்கிறது. 2018 ஏப்ரலில் மட்டும் 114 நாய்கள் பீடத்தில் வரிசையாக வைக்கப்பட்டன; ஒவ்வொன்றின் கழுத்திலும் எந்த ஊர், எந்தக் குடும்பம் என்ற சீட்டு. தலைமைத் துறவி புன்கென் ஓய் தூபம் காட்டிச் சூத்திரம் ஓதினார். எல்லாப் பொருளிலும் சிறிது ஆன்மா உண்டு என்பது அவர் நிலை. சிலர் நாயோடு கடிதமும் வைத்து அனுப்பியிருந்தார்கள். பாகங்களை வேறு நாய்களுக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று.

ஸெய்ரா தயங்காமல் மண்ணுக்கு அனுப்பினார். இசுமியில் தயங்குகிறார்கள். நாய்க்கு வலிக்கும் என்று அங்கே யாரும் நம்பவில்லை. பத்தாண்டு அதோடு பேசிக்கொண்டிருந்த முதியவருக்கு வலிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். இழப்பவர் ஒருவர் இருக்கிறார். அவர் ரோபோவுக்கு வெளியே இருக்கிறார். அதே 2018 ஜனவரியில் சோனி புதிய ஐபோவை விற்கத் தொடங்கியது. அதன் நினைவுகள் சந்தா கட்டும்வரை நிறுவனத்தின் சர்வரில் சேமிக்கப்படும். சந்தா நின்று நினைவுகள் போய் உடல் மட்டும் மிஞ்சிய நாயைக் கொண்டுவந்தால் எதற்குச் சடங்கு செய்வது என்று கோஃபுகுஜி முடிவு செய்ய வேண்டியிருக்கும்.